பசிப்பிணி அறிந்த பண்டிதை

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதை அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல், ராய்ச்சூர், குல்பர்கா, சோலாப்பூர், தௌண்டு என்று நீண்டு புனேயை அடைகின்றது. நம் காலனியில் அவ்வழியே பயணம் செய்யாத குடும்பம் ஒன்றும் இராது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது புளியோதரைப் பொட்டலத்தைச் சோலாப்பூரில் பிரிப்பதா, ராய்ச்சூரில் பிரிப்பதா என்று நம் வீட்டுக் குழந்தைகள் வழக்காடுவதை நாம் அறிவோம். தௌண்டுக்கும் புனேக்கும் இடையே கேட்காவ் என்று ஒரு சிறு நிலையம் உண்டு. புனேயிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பெரிய வண்டிகள் பலவும் அங்கே நில்லாமலே செல்லும்.

அந்தக் கேட்காவ் கிராமத்தில், பஞ்சத்திலே பெற்றோரை இழந்து எலும்பும் தோலுமாய் நின்ற சிறுமியரையும், கணவனை இழந்து வீட்டின் இருட்டறையில் ஒடுக்கப்பட்ட இளம் பெண்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டு வந்து, உணவளித்து, எழுத்தறிவித்து, கைத்தொழில் கற்பித்து மனிதராக நிமிர்ந்து நிற்கச் செய்தவர் பண்டிதை ரமாபாய் அம்மையார். 1858-ஆம் ஆண்டு பிறந்து 1922-ஆம் ஆண்டு மறைந்தவர். மராட்டிய நாட்டார் அவரைப் பற்றி நிறையப் பேசுவர். ஏசியவரும் உண்டு, ஏத்தியவரும் உண்டு. அந்நாட்டில் பிழைக்க வந்து வாழும் நம்மவரிற் பலர் அவர் பெயரையும் கேட்டதில்லை. அக்குறை தீரவே ஆண்டு மலரில் இவ்வரலாற்றை எழுதத் துணிந்தேன். எழுத்தர் வேலை பார்ப்பவனுக்கு வரலாறு எழுதும் தகுதி ஏது என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி இல்லைதான், ஆனால் அம்மையாரின் வாழ்க்கை முழுவதும் நம் இருப்புப்பாதையின் ஓரத்திலேயே நிகழ்ந்திருப்பதைக் கண்டபின் வாளா இருக்க மனம் ஒப்பவில்லை.

அம்மையாரின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்க்ரே என்பவர் சித்பாவன அந்தணர், வடமொழிக் கடல். அவர் மாணவராயிருந்த நாளில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அரசிக்கு அவருடைய ஆசிரியர் வடமொழி கற்பித்து வந்தார். பெண்ணொருத்தி வடமொழிச் சுலோகங்களைத் திருத்தமாக ஓதுவதைக் கண்டு வியந்த அவர், தம் மனைவிக்கும் அவ்வாறே கற்பிப்பேன் என்று உறுதி பூண்டார். முதல் மனைவி கற்க இசையவில்லை. அவர் இறந்தபின் மணந்த இலட்சுமிபாய் கற்றார். பெண்ணுக்கு வடமொழி கற்பிப்பதா என்று ஊர் சினந்தது. உடுப்பியில் பண்டிதர் சபை கூடி விளக்கம் கேட்க, சாஸ்திரியார் சாத்திர நூல்களையே எடுத்துக்காட்டி வாதிட்டுச் சபையை வாயடைக்கச் செய்தார். ஆயினும் ஊரோடு ஒட்டி வாழ இயலவில்லை. துங்கை, பத்திரை என்னும் ஆறுகள் தோன்றும் கங்காமூலம் என்ற காட்டில் குடிசை அமைத்துக் குடியேறினார். புலி நடமாடும் அக்காட்டில்தான் 1858 ஏப்ரல் 23-ஆம் நாள் ரமாபாய் பிறந்தார்.

வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்டும், மாணவர்க்கு இலவசமாகக் கல்வி புகட்டியும் சாஸ்திரியாரின் கைப்பொருள் கரைந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பும் தறுவாயில் குடும்பம் யாத்திரை புறப்பட்டது. பிரம்புக் கூடையொன்றில் குழந்தையை வைத்து ஆள் ஒருவர் தலையில் சுமந்து மலையிறங்கினாராம். அன்று தொடங்கிய நடை பல ஆண்டுகள் ஓயவில்லை. கோயில் கோயிலாகத் தங்கிப் புராணம் படிப்பதும், கேட்போர் இடும் அரிசியும் காசும் கொண்டு உண்பதுமே வாழ்க்கையாயிற்று. தாயே ஆசிரியை. நடந்துகொண்டே பாடம், மரத்தடியில் பாடம். பன்னிரண்டு வயது நிரம்புமுன் பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களும் ரமாபாய்க்கு மனப்பாடம் என்பர்.

1874-ஆம் ஆண்டளவில் தென்னாட்டை வறுமையும் வறட்சியும் பற்றின. புராணம் கேட்போர் குறைந்தனர். கேட்டவரிடமும் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. இருந்த பாத்திரங்களையும் விற்றாயிற்று. சாஸ்திரியாருக்கு முதுமையால் கண்பார்வை மங்கிவிட்டது. வேத சாத்திரம் ஓதிய குடும்பம். கூலி வேலை செய்து அறியாது, செய்வது தகும் என்றும் எண்ணாது. பிச்சை கேட்கவோ நா எழாது. இந்நிலையில் திருப்பதி மலைப்பகுதியை அடைந்தனர். கையில் இருந்த கடைசிக் காசும் தீர்ந்தது. பதினொரு நாள் இரவும் பகலும் இலை தழையும் காட்டுப் பழமும் தின்று கிடந்தனர். பின்னர், இனி உயிர் வைத்திருப்பதில் பயனில்லை என்று முடிவு செய்து, தந்தையார் புனித நீர்நிலையில் மூழ்கி உயிர் விடத் துணிந்தார். தம் மக்களை ஒவ்வொருவராக அருகழைத்து விடைபெற்றார். இளையவளாகிய ரமாபாயைத் தழுவிக்கொண்டு, என்றும் இறைவனுக்கே தொண்டு செய்து வாழவேண்டும் என்று அறிவுறுத்தினார். அப்பொழுது மகன் சீனிவாசர் குறுக்கிட்டு, குலப்பெருமை போனாலும் போகட்டும், எந்தக் கூலி வேலையாயினும் செய்து காப்பாற்றுகிறேன் என்று தடுத்து, அனைவரையும் மலையிறக்கி அழைத்து வந்தார். பாழடைந்த கோயிலொன்றில் அன்றிரவு தங்கினர். தந்தையாருக்குக் காய்ச்சல் கண்டது. சில நாளில் அவர் காலமானார்.

எஞ்சியோர் வடக்கு நோக்கி வந்து ராய்ச்சூரை அடைந்தனர். அக்காலத்தில் சென்னை இரயில்வேயும் ஜி.ஐ.பி. இரயில்வேயும் சந்திக்கும் இடமாக ராய்ச்சூர் ஆகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வூரில் தாய் நோயுற்றுக் கிடந்தார். பசியும் காய்ச்சலும் கூடிப் பிதற்றும் நிலை. உண்பதற்கு ஏதேனும் வேண்டும் என்று முனகினார். பதினாறு வயது ரமாபாய் அண்டை வீடொன்றின் வாயிலில் போய் நின்றார். ஆயிரமாயிரம் சுலோகம் ஓதிய நாவுக்கு ஒரு கம்பு ரொட்டி கேட்கச் சொல் வரவில்லை. கண்ணீரை அடக்க முயன்று நின்ற அப்பெண்ணின் முகத்தைக் கண்டே வீட்டம்மாள் புரிந்துகொண்டு, இரங்கிப் பேசி, ரொட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்தார். ஓடோடி வந்து தாயின் வாயருகே கொண்டு சென்றபோது அதனை விழுங்கும் வலிமை தாய்க்கு இல்லை. அந்நோயிலேயே அவரும் மறைந்தார்.

பிணம் தூக்க ஆளில்லை. இவர்கள் அந்தணர்தாமா என்பதிலேயே அவ்வூரார்க்கு ஐயம். கடைசியில் இருவர் இரங்கி வந்தனர். நான்காவது தோள் மகளுடையதாயிற்று. உயரம் குறைந்தவராகையால் தோளில் வைத்தால் பாடை சாயும் என்று, தம் பங்கைத் தலையில் வைத்துச் சுடுகாடு வரை மைல் கணக்கில் சுமந்து நடந்தார் ரமாபாய். தமக்கையும் பின்னர் நோயில் இறந்தார்.

இப்பகுதியைச் சற்று விரித்து எழுதியதற்குக் காரணமுண்டு. பசியைப் பற்றிப் படித்தவர் வேறு, பசித்தவர் வேறு. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த கதையை நாம் சிறுவயதிலே பள்ளியில் படித்திருக்கிறோம். அப்பெருமாட்டிக்குப் பாத்திரம் தெய்வத்தால் கிட்டியது. ரமாபாய் அம்மையாருக்குக் கிட்டியதோ, தாய் விழுங்காமல் விட்ட ஒரு துண்டு ரொட்டி. பிற்காலத்தில் அவர் செய்த தொண்டுக்கெல்லாம் அதுவே வித்தாயிற்று என்பது என் கருத்து.

அண்ணனும் தங்கையும் மட்டும் மிஞ்சினர். வடக்கே காசுமீரம் வரைக்கும் நடந்தனர். ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்காமல் மணலில் குழி தோண்டி, அதில் படுத்து, உலர்ந்த மணலையே போர்வையாக மேலே போட்டுக்கொண்டு உறங்கிய இரவுகளும் உண்டு. 1878-ஆம் ஆண்டு கல்கத்தாவை அடைந்தனர். இருபது வயதுப் பெண் வடமொழியில் தங்குதடையின்றிப் பேசுவதைக் கேட்டு வங்கத்துப் பண்டிதர்கள் மலைத்துப்போயினர். அவரைச் சோதித்துப் பார்த்துப் 'பண்டிதை' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் சூட்டினர். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேனர் வேதநூல் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். தரும சாத்திரங்களையும் அம்மையார் அப்போதுதான் ஊன்றிப் படித்தார். நூல்கள் பலவற்றில் பலவும் மாறுபட்டிருக்க, பெண்கள் தாழ்ந்தவர் என்ற ஒன்றில் மட்டும் அவை ஒன்றுபடுவதாக அவருக்குப் பட்டது. அன்று விழுந்த ஐயம் பின்னர் நீங்கவேயில்லை.

1880-ஆம் ஆண்டு அண்ணன் டாக்காவில் இறந்தார். அவ்வாண்டிலேயே அண்ணனின் நண்பரும் வழக்கறிஞருமான விபின விகாரி மேதாவி என்ற வங்காளியை ரமாபாய் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். கணவர் அந்தணர் அல்லர். இரு வீட்டாரும் விலக்கினர். 1881-இல் மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1882 பிப்ரவரியில் கணவர் வாந்திபேதியில் மாண்டார். இருபத்துமூன்று வயதில், கைக்குழந்தையோடு விதவை! தம்மைப் போன்ற நிலையிலுள்ள பெண்களுக்கு இந்நாட்டில் புகலிடம் எங்கே என்ற வினா அன்று முதல் அவருக்கு ஏட்டுச் சுரைக்காயாக இல்லை.

கணவரின் புத்தகங்களுக்கிடையே லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் வங்காளிப் பிரதி ஒன்று அசாமில் இருந்தபோதே அவர் கண்ணில் பட்டிருந்தது. படித்துப் பார்த்தார், மனத்தில் ஊன்றியது.

அதே ஆண்டு பூனா வந்து, நீதிபதி ரானடே முதலிய சீர்திருத்தக்காரர்களின் ஆதரவுடன் ஆரிய மகிளா சமாஜம் கண்டார். கல்வியை ஆராய அரசு அமைத்த ஹண்டர் குழுவின்முன் சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆண் மருத்துவரிடம் காட்ட நாணி நோயோடு மடியும் பெண்கள் எத்தனை பேர் என்பதை அவர் எடுத்துரைத்தது அந்நாளில் பெரிய துணிவு. தாமே மருத்துவம் கற்க விரும்பி, தாம் எழுதிய மராட்டி நூலை விற்ற பணத்தைக் கொண்டு 1883-இல் கப்பலேறினார். ஆனால் காது மந்தம் அதிகமாகிவிட்டதால் மருத்துவக் கல்வி கனவாகவே போயிற்று.

இங்கிலாந்தில் வாண்டேஜ் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். மதம் மாறும் எண்ணம் தமக்கில்லை என்று புறப்படுமுன் சொல்லியிருந்தவர்தாம். அம்மடத்துச் சகோதரிகள் இலண்டனை அடுத்த ஃபுல்ஹாமில் ஓர் இல்லம் நடத்தினர். நெறி தவறியவர்கள் என்று உலகம் காறி உமிழ்ந்த பெண்களை அங்கே சேர்த்து, நோய்க்கு மருந்திட்டு, தம் உடன்பிறந்தாரைப் போல நடத்தினர். அதைக் கண்ட அம்மையார் திகைத்து நின்றார். தாம் பிறந்த நாட்டில் அத்தகைய பெண்ணுக்கு எவரும் இவ்வாறு செய்து அவர் கண்டதில்லை. எதனால் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசுநாதர் பேசிய வரலாற்றை அச்சகோதரிகள் படித்துக் காட்டினர். ஆணாயினும் பெண்ணாயினும் வீழ்ந்தவரை வெறுக்காமல் எடுத்து நிறுத்தும் ஒருவரை அதிலே கண்டதாக அம்மையார் பிற்காலத்தில் எழுதினார். 1883 செப்டம்பர் 29-ஆம் நாள் தாயும் மகளும் திருமுழுக்குப் பெற்றனர்.

நம் காலனியில் பிள்ளையார் கோயிலுக்குப் போவோரும் உண்டு, தேவாலயத்துக்குப் போவோரும் உண்டு. ஒருவர் வீட்டுப் பலகாரம் மற்றவர் வீட்டுக்குப் போவதும் உண்டு. ஆகவே இந்த மதமாற்றத்தைப் பற்றி மழுப்பாமல் எழுதலாம் என்று எண்ணுகிறேன். வாதத்தால் மதம் மாறியவர் பலர். ரமாபாய் அம்மையாரோ தொண்டைக் கண்டு மாறியவர். ஆதலால் தொண்டு இல்லாத இடத்தில் வெறும் கோட்பாட்டுக்கு அவர் தலைவணங்க மறுத்தார். இதனைக் கிறிஸ்தவக் குருமார் விரைவிலேயே உணர்ந்தனர். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் அவர் வடமொழி கற்பித்தார். ஆண் மாணவருக்கும் அவர் பாடம் சொல்லலாமா என்ற பேச்சு எழுந்தபோது, கூடாது என்று இந்தியாவிலிருந்த பிஷப்புகள் தடுத்தனர். தம் மனச்சான்றுக்குத் தாமே பொறுப்பு, பிறர் வகுத்ததை அப்படியே விழுங்க முடியாது என்று அம்மையார் கடிதம் எழுதினார். சிலுவையில் இலத்தீன் எழுத்து எதற்கு, நம் நாட்டாருக்கு வடமொழி போதாதா என்று கேட்டார். மரக்கறி உணவை இறுதிவரை கைவிடவில்லை. மடத்துத் தாயார் இதனைச் சாதிச் செருக்கு என்று கருதி வருந்தினார். வெள்ளைப் பருத்திப் புடைவையும் மாறவில்லை.

1886-இல், மருத்துவப் பட்டம் பெறும் தம் உறவினர் ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பைக் காண அமெரிக்கா சென்றவர், சில கிழமைகளில் திரும்ப எண்ணி ஏறத்தாழ மூன்றாண்டு தங்கிவிட்டார். ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். குழந்தைக் கல்வி முறைகளைக் கற்றார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1887-இல் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் தோன்றி, பத்தாண்டுக் காலத்துக்குப் பொருள் உதவி செய்ய ஒப்பியது.

1889 மார்ச் 11-ஆம் நாள் மும்பை சௌபாத்தியில் சாரதா சதனம் திறக்கப்பெற்றது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் பால்ய விதவைகளுக்கு விடுதி கண்டது நம்மவர் நன்கறிந்த செய்தி. சாரதா சதனம் அதற்கு இருபதாண்டுக்கு மேல் முற்பட்டது. முதல் மாணவி கோதுபாய் என்ற இளம் விதவை. இவரையே 1893-இல் பேராசிரியர் கார்வே துணிந்து மறுமணம் செய்துகொண்டார். கார்வே அதன்பின் விதவைகளுக்கு இல்லம் கண்டதும், பெண்களுக்குப் பல்கலைக்கழகம் கண்டதும், நூறாண்டு நிறைந்த 1958-இல் பாரத ரத்னா விருது பெற்றதும் யாவரும் அறிந்தவை.

சாரதா சதனம் எம்மதத்தையும் புகுத்தாது என்பது அமைக்கும்போது தந்த வாக்கு. இந்துப் பெண்கள் தம் ஆசாரப்படி சமைத்து உண்ணவும் வழிபடவும் வசதி இருந்தது. ஆனால் அம்மையார் தம் அறையில் வழிபடும்போது கதவைச் சாத்துவதில்லை. அவரைத் தாயாக எண்ணிய பெண்கள் சிலர் உள்ளே வந்து அமர்ந்தனர். செய்தி பரவிற்று. திலகரின் கேசரி இதழ் கடுமையாகத் தாக்கியது. 1893-இல் ரானடே, பண்டார்க்கர் முதலியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பெற்றோரால் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டனர். எதிர்த்தவர்களின் குறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம்பி விட்ட பெண்ணின் மதத்தைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆயினும் அழைத்துப்போன அப்பெண்களுக்கு வீட்டில் காத்திருந்தது எது? பழைய இருட்டறைதானே. அதற்கு மாற்று என்னவென்று அன்று ஆரவாரித்தவர்களில் மிகச் சிலரே எண்ணினர். எண்ணிய சிலரில் கார்வே ஒருவர்.

அமெரிக்க உதவி பத்தாண்டோடு நின்றுவிடும் என்று உணர்ந்த அம்மையார், பழத்தோட்டம் வைத்து வருவாய் தேடிக்கொள்ளக் கேட்காவில் சுமார் நூறு ஏக்கர் வாங்கினார். வறண்ட பூமி. கிணறுகள் வெட்டினார், மரக்கன்று நட்டார். இருப்புப்பாதைக்கு அருகாமையில் அந்நிலம் அமைந்தது எவ்வளவு நன்மையாயிற்று என்பது விரைவிலேயே தெரியவந்தது.

1896-இல் மத்திய மாகாணத்தைக் கொடும் பஞ்சம் தாக்கிற்று. செய்தித்தாளில் அதைப் படித்ததும் அம்மையாருக்குத் திருப்பதிக் காடும் ராய்ச்சூர்த் தெருவும் மனக்கண்முன் எழுந்தன. கையில் பணமில்லை. பாஸ்டனார் அனுப்பும் பணம் விதவைகளுக்கென்றே வந்தது. பஞ்சத்துக்குச் செலவிட அதில் இடமில்லை. அது தெரிந்தும் புறப்பட்டார். நிவாரணக் கூடங்களுக்கும் ஏழையர் விடுதிகளுக்கும் நேரில் சென்று பார்த்தார். பசியைக் காட்டிலும் கொடியது ஒன்றை அங்கே கண்டார். ஆதரவற்ற சிறுமியர்க்குச் சோறிடுவதாகச் சொல்லித் தீய வழிக்கு அழைத்துப் போகும் கயவர்கள் சுற்றித் திரிந்தனர். கிடைத்த சிறுமியரையெல்லாம் சேர்த்துக்கொண்டு அம்மையார் இரயிலேற்றினார். தலையெல்லாம் புண், உடலெல்லாம் சிரங்கு, சிலர் வழியிலேயே மாண்டனர். பசி தெளிந்தபின் சிலர் உணவைத் திருடி ஒளித்து வைத்தனர். சிலர் கடித்தனர், அடித்தனர். சாரதா சதனத்துப் படித்த பெண்கள் அச்சிறுமியரைக் குளிப்பாட்டிப் புண் கழுவினர். ஆசாரம் மிகுந்த குடும்பத்திலே பிறந்து வளர்ந்த பெண்கள், எந்தச் சாதியென்றே அறியாத குழந்தைக்குப் பேன் பார்த்தனர் என்றால், அச்சதனத்தில் அவர்கள் கற்றது வெறும் எழுத்து மட்டும் இல்லை என்பது விளங்கும்.

அப்போதே பூனாவில் பிளேக் நோய் பரவிற்று. வெளியூரார் எவரையும் நகரில் புதிதாய்ச் சேர்க்கக்கூடாது என்று அதிகாரிகள் ஆணையிட்டனர். முந்நூறு குழந்தைகளை எங்கே வைப்பது? கேட்காவ் தோட்டம் இருந்தது. கூடாரமும் ஓலைக் கொட்டகையும் போட்டுக் குடியேற்றினார். முக்தி சதனம் அவ்வாறு உருவாயிற்று. பிளேக் மருத்துவமனையிலும் தனிமை முகாமிலும் பெண்கள் நடத்தப்பட்ட விதம் சரியில்லை என்று வெள்ளையர் அரசையே குற்றஞ்சாட்டிப் பத்திரிகைக்கு எழுதவும் அவர் தயங்கவில்லை. மதத்தால் ஆளுவோரைச் சேர்ந்தவர் என்று அவரைத் தூற்றியவர்கள் இதனை மறந்துவிட்டனர்.

1900-இல் குஜராத்தில் பஞ்சம். இம்முறை முக்தியில் பயிற்சி பெற்ற பெண்களையே அம்மையார் அனுப்பினார். பசித்த சிறுமியைக் கண்டால் எப்படி அணுகவேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு முக்தியில் இருந்தோர் தொகை 1,900-ஐ எட்டியது. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை தானியம், எத்தனை அடுப்பு, எத்தனை குடம் தண்ணீர் என்று எண்ணிப் பாருங்கள். கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அந்நிர்வாகத்தை நினைத்தால் தலை சுற்றுகிறது. நிலையான வருவாய் ஏதுமில்லை. தோட்ட விளைச்சலும், அன்பர்கள் விரும்பி அனுப்பும் நன்கொடையும், இறைவன் தருவான் என்ற நம்பிக்கையுமே முதல்.

முக்தியில் வெறுமனே உட்கார வைத்துச் சோறிடுவது இல்லை. பள்ளிப் பாடம் ஒரு வேளை, கைவேலை ஒரு வேளை. நெசவு, தையல், செக்கு, பால்பண்ணை, சலவை, உழவு, அச்சுக்கோப்பு என்று தொழில்கள் பல. கண்ணிழந்தவர்க்கு ஒரு பகுதி. முதியவர்க்கு ஒரு பகுதி. ஆண்களால் கெடுக்கப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதனம் என்று தனி இல்லம். மகள் மனோரமா அயல்நாட்டில் பிரெயில் எழுத்து முறையைக் கற்று வந்து பார்வையற்ற பெண்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். படித்த பார்வையற்றவர் பிறர்க்கு ஆசிரியைகளாயினர். கைத்தொழிலில் அம்மையார் இவ்வளவு கருத்துச் செலுத்தியதன் காரணத்தை எங்கும் தேடவேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சாத்திரம் முழுதும் கற்றும், ஒரு வேளைக் கூலி ஈட்ட அறியாமையால் தம் வீட்டார் பட்டினி கிடந்ததை அவர் மறந்திருக்க இயலுமா?

1905-இல் முக்தியில் பெரியதொரு பக்தி எழுச்சி உண்டாயிற்று. அதனைப் பற்றிக் கிறிஸ்தவ உலகில் பலவாறு எழுதியிருக்கிறார்கள். அம்மையார் எந்த ஒரு சபைப் பிரிவுக்கும் தம்மை ஒப்படைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி அமைகின்றேன். 1912-இல் நிஜாம் சீமையைச் சேர்ந்த குல்பர்காவிலும் பள்ளியொன்று நிறுவினார். அதுவும் நம் பாதையில் உள்ள ஊரே.

முதுமையில் மேற்கொண்ட பணி மற்றொன்று. அன்று வழங்கிய மராட்டி வேதாகமத்தின் நடை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் கிராமத்துப் பெண்ணுக்கு எட்டாது என்று அவர் கண்டார். வடமொழியில் தோய்ந்தவர், நினைத்தால் பண்டிதர் தலையாட்டும் நடையில் எழுதியிருக்கலாம். அவரோ எபிரேயமும் கிரேக்கமும் நடுவயதுக்குமேல் கற்று, மூல நூலிலிருந்தே, முக்தியின் நெசவுக் கூடத்துப் பெண்ணுக்கும் மாட்டுக்கொட்டிலில் வேலை செய்யும் பெண்ணுக்கும் விளங்கும் எளிய மராட்டியில் மொழிபெயர்த்தார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுக்கு மேல் அப்பணி நடந்தது. காது நன்கு கேளாது, உடல் தளர்ந்தது. 1919-இல் அரசு கைசர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தது.

1921 ஜூலை 24-ஆம் நாள் மனோரமா காலமானார். பிரம்புக் கூடையில் தொடங்கிய வாழ்க்கையில் கடைசிவரை உடனிருந்த ஒரே உறவு அம்மகள். முக்தியைத் தமக்குப்பின் நடத்துவார் என்று நம்பியிருந்தவரும் அவரே. துயரத்தை அடக்கிக்கொண்டு அம்மையார் அச்சுப்படிகளைத் திருத்த மீண்டும் அமர்ந்தார். 1922 ஏப்ரல் 5-ஆம் நாள், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. கடைசிப் படிகள் அதற்குச் சிறிது முன்னரே திருத்தி முடிந்திருந்தன.

1989-இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தலை வெளியிட்டது. முக்தி இல்லம் கேட்காவில் இன்றும் நடைபெறுகின்றது. நிலையத்தில் இறங்கிக் கேட்டால் எவரும் வழி காட்டுவர். அம்மையாரின் மராட்டி வேதாகமம் முழு நூலாக 1924-இல் வெளிவந்தது. அதன் எழுத்துக்களைக் கோத்து, முக்தியின் சொந்த அச்சகத்திலே அச்சடித்து முடித்தவர்கள் முக்தியில் வளர்ந்த பெண்கள்.